பைக்கின் வாக்குமூலம்

விசாரணை அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பைக் ஓட்டிப்போய் விபத்தில் கால் உடைந்த தணிகைவேல் கட்டிலில் படுத்திருக்க, அவன் அக்கா வாசவி தலைமாட்டில் இருந்தாள். வாசவியின் கணவன் பொன்னரசு சன்னலோரம் நின்றான். சன்னலுக்கு வெளியே அவனுடைய பழைய நெடுந்தூர பைக்.

"பிரேக் ஏன் பிடிக்கலே?" அதிகாரி பைக்கைக் கேட்டார்.

"எம்மேலதான் சார் தப்பு. வயசாயிடுச்சு" என்றது பைக்.

வீட்டிலேயே பிரேக்கைக் கழற்றி மாட்டிய பொன்னரசு, ஒரு போல்ட்டை முடுக்க மறந்திருந்தான். அது பைக்குக்கும் தெரியும்.

"இந்தக் கெழட்டுச் சனியனை நசுக்கக் குடுத்துடுங்க மாமா" என்றான் தணிகைவேல்.

பொன்னரசு பைக்கை நசுக்கச் சம்மதக் கடிதம் எழுதி உறையை ஒட்டினான். அஞ்சல் பெட்டிக்கு அந்த பைக்கிலேயே போனான். விபத்து நடந்த அன்றே அவன் ரகசியமாக முடுக்கிவிட்ட பிரேக், கச்சிதமாகப் பிடித்தது.

"தரை ஈரமா இருக்குண்ணே, பாத்து எறங்குங்க" என்றது பைக்.

கடிதம் பெட்டிக்குள் விழுந்தது.