திருட்டுக் கறிவேப்பிலை

கனகாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் கத்திரிச் செடிகளைப் பார்த்தபடி நின்றேன்.

கறிவேப்பிலைக் கன்றைக் கேட்டு வாங்கி நட்டால் வராது. திருடித்தான் நட வேண்டும். சொந்தக்காரி பார்க்கக் கூடாது, வழியில் எதிர்ப்படுகிறவர்களும் கண்டுகொள்ளக் கூடாது. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது.

கேட்டு வாங்கிப்போன கன்றையெல்லாம் கனகா சாகடித்துவிட்டாள். சரி, இன்றைக்குத் திருடித்தான் பார்க்கட்டுமே என்று நானே வேலிப் படலை அவிழ்த்துவிட்டுத் திரும்பி நின்றேன். திருடிக்கு இவ்வளவு மரியாதை வேறெந்த ஊரில் செய்வார்கள்?

“திரும்பிடாதீங்கக்கா. பாத்துட்டா இதுவும் பூடும்.”

“நான் இன்னாத்துக்குத் திரும்பப் போறேன்? செடிக்குப் பூச்சி பாத்துக்கினு கீறேன். நீ சீக்கிரம் புடுங்கு.”

அந்தப் படல் என் பக்கம்தான் கட்டியிருக்கும். அதை அவிழ்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கனகாவின் புருஷன் வரதன், உத்திரமேரூர் ரைஸ்மில்லுக்குக் கிளம்பும்போது தெருக்கதவை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவன். தெருப் பெண்களோடு அவள் ஒருநாள் டூரிங் கொட்டகைக்குப் படம் பார்க்கப் போய்வந்ததிலிருந்து இப்படித்தான். கேட்டால் திருட்டுப் பயம் என்பான்.

உள்ளே அவன் அம்மா தாயாரம்மாள் கட்டிலோடு கிடக்கிறாள். கால் போய்விட்டது, காது போகவில்லை. அதனால் வேலியோரத்தில் நானும் கனகாவும் செடியையும் குழம்பையும் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

ஒரே ஒருமுறை அவள் குரலைத் தாழ்த்தி, பெருநகரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன், படலை அவிழ்த்து விடுங்கக்கா என்றாள். நான் காதில் விழாதவள் மாதிரி, அவரைப் பூ உதிர்வதைப் பற்றிப் பேசினேன்.

வேறென்ன செய்வது? நாங்கள் உழுவது வரதன் நிலம். போதாததற்கு, எது காணாமல் போனாலும் பொன்னியம்மன் கோயிலில் சூடத்தை ஏற்றி, அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வான். பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு எப்படித் தூங்குவது?

பின்னால் மண் கிளறும் சத்தம் கேட்டது. பரவாயில்லை, வேர் அறாமல் எடுக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு காலடிச் சத்தம்.

அது படலுக்குத் திரும்பிப் போகவில்லை. என் கிணற்றைத் தாண்டியது. மாட்டுக் கொட்டகையைத் தாண்டியது. அந்தப் பக்கம் போனால் சந்து, சந்து முடிந்தால் தெரு, தெருமுனையில் பெருநகர் பஸ் நிற்கும்.

அடிப்பாவி, என்னையே ஏய்த்துவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது. திரும்பி ஒரு சத்தம் போட்டால் போதும், உழுகிற நிலம் எங்களிடமே நிற்கும்.

பாதிக் கழுத்து திரும்பியும்விட்டது.

திரும்பிடாதீங்கக்கா என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னை ஏய்க்கவில்லை. நான் பொய் சொல்லாமல் சத்தியம் பண்ண வழி செய்துவிட்டுத்தான் போகிறாள்.

கழுத்தைப் பழையபடி கத்திரிச் செடிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஒரு இலையில்கூடப் பூச்சி இல்லை.

“கனகா!” உள்ளேயிருந்து தாயாரம்மாள் கூப்பிட்டாள். “அங்க இன்னாடி பண்றே?”

சந்தில் காலடி நின்றுவிட்டது.

எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, கத்திரிச் செடியைப் பார்த்து உரக்கப் பேச ஆரம்பித்தேன்.

“மொச்சைய நல்லா ஊற வெச்சுடணும்மா. அது வெந்தப்புறந்தான் புளிய ஊத்தணும். முன்னாடியே ஊத்துனியானா எத்தினி வெறகு எரிச்சாலும் வேவாது, இன்னா?”

“இதுங்களுக்குக் கொயம்ப வுட்டா வேற பேச்சே கெடையாது” என்று முனகிவிட்டுத் தாயாரம்மாள் அடங்கினாள்.

சந்தில் காலடி மறுபடி நகர்ந்தது. நான் நிறுத்தவில்லை. வாயாலேயே காரக்குழம்பை இறக்கி, ரசம் வைத்து, அப்பளம் பொரித்தேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் என் வாய் ஓய்ந்தது.

அதற்கப்புறம்தான் திரும்பினேன். கறிவேப்பிலை மரத்தடியில் நிஜமாகவே ஒரு கன்று குறைந்திருந்தது. படலை இழுத்து இறுக்கிக் கட்டினேன்.

சாயங்காலம் பொன்னியம்மன் முன்னால் தெருவே கூடியது. வரதன் சூடத்தை ஏற்றினான்.

“உங்கூடத்தான் பேசிக்கினு இருந்தாளாம், அம்மா சொல்லுது. அவ எப்பிடிப் போனான்னு சொல்லு, ஜெயம்மா.”

“கொயம்பு வெக்கறதச் சொல்லிக்கினு இருந்தேன். கண்ணு செடிமேல இருந்திச்சி. அவ போனத நான் பாக்கல.”

உள்ளங்கையால் அடித்துச் சூடத்தை அணைத்தேன். நன்றாகவே சுட்டது.

“எங்கொல்லையிலயும் ஒரு கறிவேப்பிலக் கன்னு காணோம்” என்றேன். “எவளோ திருடிக்கினு பூட்டா. நல்லா வரும்.”

பெண்கள் பக்கம் சலசலப்பு சட்டென்று நின்றது.

பஸ் நிற்கிற இடத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து கீரை விற்கிற செல்லம்மாள், யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“இன்னொரு சூடத்த ஏத்துப்பா. நானும் பாக்கல.”