நாற்பது கேள்விகள்

அப்பா நிரப்பிய படிவத்தில் நாற்பது கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை'. சித்தி நிரப்பியதில் முப்பத்தாறுக்கு 'மிக அடிக்கடி'.

இரண்டையும் மேஜையில் வைத்துப் பார்த்தார் டாக்டரம்மா. கவனம் நிற்காத பிள்ளைகள், ஓரிடத்தில் அடங்காத பிள்ளைகள் என்று பதினெட்டு வருஷமாகப் பார்த்து வருபவர். ஒரே வீடு, ஒரே எட்டு வயதுப் பெண். தாள்களுக்கு நடுவே ஏணி வைத்தாலும் எட்டாது போலிருந்தது.

சித்தியின் தாளில் ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு வேறு. 'சாப்பிடும்போது ஆறு தடவை எழுந்தாள்.' 'இந்த மாதம் மூன்று பென்சில் பெட்டி தொலைத்தாள்.'

தாயை இழந்த பிள்ளை. இரண்டாவதாக வந்தவள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறாள். டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது.

முதலில் அப்பாவிடம் பேசினார். "பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?"

பஸ் ஓட்டுகிற அந்த மனிதர் நெளிந்தார். "நான் டூட்டிக்குக் கிளம்புறப்ப தூங்கிட்டிருப்பா மேடம். திரும்பி வர்றப்பவும் தூங்கிட்டிருப்பா. என்னை ஒருநாளும் தொந்தரவு பண்ணதில்ல."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரம்மா சித்தியிடம் திரும்பினார்.

"நீங்கதான் எப்பவும் கூட இருக்கீங்களா?"

"ஆமா மேடம். வீட்டுலயே துணி தைக்கிறேன். மூணு வருஷமா அவ என் பக்கத்துலதான்."

"இதை வெச்சு நான் எழுதுற அறிக்கை பள்ளிக்கூடத்துக்குப் போகும். தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் எழுதினேன். பரீட்சைக்கு அவளுக்குக் கொஞ்சம் கூடுதலா நேரம் வேணும். முன் பெஞ்சுல இடம் வேணும். நான் பூசி மெழுகினா அதெல்லாம் யார் தருவாங்க?"

பதில் சரிதான். ஆனாலும் டாக்டரம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

"எல்லாம் சரிம்மா. பெத்தவளா இருந்தா நல்லதா ரெண்டு வரி எழுதத் தோணியிருக்கும்."

அப்பா நாற்காலியிலிருந்து விறைத்து எழுந்தார். சித்தி அவர் கைமேல் கைவைத்து உட்காரச் சொன்னாள்.

"நாப்பது கேள்வியில நல்லதைப் பத்தி ஒண்ணுகூடக் கேக்கலையே மேடம்," என்றாள். குரல் உயரவில்லை. "அதான் பின்னால எழுதினேன். திருப்பிப் பாருங்க."

டாக்டரம்மா திருப்பினார்.

'நூல் சிக்கி நின்றுபோன என் தையல் மெஷினைச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். ஓடவும் வைத்தாள்.'

'வகுப்புக்குப் புதிதாக வந்து, யாரோடும் பேசாமல் இருந்த பிள்ளையை முதல் நாளே சிரிக்க வைத்தது இவள்தான்.'

'எனக்குக் காய்ச்சல் என்றதும் நாள் முழுக்க நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.'

'போன வருஷம் சேர்ந்தாற்போல் நாலு நிமிஷம் படிப்பாள். இப்போது பதினொரு நிமிஷம்.'

இப்படியே விளிம்புவரை போய், அடியில் 'தொடர்ச்சி அடுத்த தாளில்' என்றிருந்தது. டாக்டரம்மா அடுத்த தாளைத் தேடினார்.

"அது இங்க இருக்கு மேடம்." சித்தி கைப்பையைத் திறந்தாள். "ஏழு தாள் ஆயிடுச்சு. ஸ்டேப்ளர் பின்னுல அடங்கலை."