பத்தொன்பதாம் நாள் அம்மைப்பால்

தட்டில் இருபத்திரண்டு புள்ளிகள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவள் இன்னொரு முறை எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

கன்றுக்குட்டியின் வயிற்றில் வளர்த்துச் சுரண்டியெடுத்த அம்மைப்பால், பெரியம்மை வராமல் கையில் குத்துகிற மருந்து. கிளிசரினில் முப்பது நாள் ஊறினால்தான் அதோடு வந்த வேண்டாத கிருமிகள் சாகும். இன்று பத்தொன்பதாம் நாள்; அதில் ஒரு துளியைத் தட்டில் தடவி வளர்த்துப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு புள்ளியும் சாகாமல் கிடக்கிற ஒரு கிருமிக் கூட்டம்.

ஊரில் பெரியம்மை. அம்மை குத்துகிறவர்கள் காலிப் பெட்டிகளோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய டாக்டர் பாலை வெளியே விடுவதற்கான படிவத்தை மேசையில் வைத்தார். தன் கையெழுத்தை முன்பே போட்டிருந்தார். தட்டு பார்ப்பவளின் கையெழுத்தும் விழுந்தால், பால் இருக்கும் ஐஸ் அறை திறக்கும்.

"ஊரே சாகுது, நீ நாள் எண்ணிக்கிட்டு இருக்கே. கண்ண மூடிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடும்மா."

அவள் பேனாவை எடுத்தாள். அவர் முகம் தெளிந்தது.

கையெழுத்துக்கான இடத்தில் 22 என்று எழுதினாள். மை காய ஊதி, திருப்பிக் கொடுத்தாள்.

"கண்ண மூடினா எண்ண முடியாதுங்க, டாக்டர்."

வேலை போய்விடும் என்றார் அவர். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார். அவள் முக்காலியை இழுத்து ஐஸ் அறைக் கதவில் முதுகு படும்படி போட்டு உட்கார்ந்தாள். எழுதுகிறவர் எழுதட்டும். அந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் பதினோரு நாள் ஓடிவிடும்.

"உனக்குன்னு ஒரு புள்ள இருந்திருந்தா இப்படி உக்காந்திருப்பியா?"

பக்கத்துக் கொட்டிலில் கன்றின் வயிற்றை மழித்துக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தினார். டாக்டர் இந்த ஆண்டுதான் மாற்றலாகி வந்தவர். கன்றுக்காரர் பழைய ஆள்.

அவள் எழவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பும் ஊரில் இதே பெரியம்மைதான். அப்போதும் முப்பது நாள் ஆகவில்லை என்று பூட்டி வைத்திருந்தார்கள். இருபதாம் நாள் பாலில் ஒரு குழாயை மடியில் மறைத்து எடுத்துப்போய், தன் மகளின் கையில் கீறியவள் அவள்.

அடக்கம் செய்யும்போதும் அந்தக் குழந்தையின் உடம்பில் ஒரு பெரியம்மைக் கொப்புளம்கூட இல்லை. கீறிய கை மட்டும்தான் வீங்கியிருந்தது.