நாலு மூலை

"எழுதிக்கினியா நைனா? அவனுக்குப் பாத்த பொண்ணு பேரு சொர்ணம். தை மாசம் கண்ணாலம். ரஜா வாங்கிகினு வந்துடச் சொல்லு."

பர்மா சண்டைக்குப் போன மகன் வேம்புலிக்குக் கடிதம் எழுதி வாங்க, வேப்பம்பட்டு அன்னம்மாள் மாதாமாதம் தபால் குமாஸ்தா நாகேந்திரனிடம்தான் வருவாள்.

நாகேந்திரன் தலையை ஆட்டினான். ஒரு வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கையும் சொன்னபடி கேட்கவில்லை; மனசு எங்கோ இருக்க, மைப்பேனா அதுபாட்டுக்கு எதையாவது கிறுக்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிதா? கார்டை இப்டிக் குடு. நல்ல சேதியாச்சே, மஞ்சா தடவ வாணாமா?"

முந்தானையில் முடிந்து வந்த மஞ்சளைக் குழைத்து விரலில் எடுத்தாள். கார்டின் மூலைக்குப் போன விரல் அப்படியே நின்றது.

அன்னம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நாலு மூலையிலும் கறுப்பு மை தீட்டிய கார்டு சாவுச் சேதி என்பது தெரியும்.

தன் கை தீட்டியிருந்ததை நாகேந்திரனும் அப்போதுதான் பார்த்தான்.

"தந்தி என்னிக்கு வந்துச்சு நைனா?"

அவன் மேசை இழுப்பறையைத் திறந்தான்.