உப்புக்கு வரும் மாடுகள்

அண்ணன் கொச்சுங் இறந்தபின் அவருடைய மிதுன் மாடுகளைக் காட்டிலிருந்து வரவழைக்க ஆளில்லை. அவர் உப்போடு நின்று எங்கள் கோரோ மொழியில் கூப்பிட்டால்தான் வரும். அப்படிக் கூப்பிட ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. விட்டுவிட்டால் மாடுகள் காட்டோடு போய்விடும். நல்லவேளை, போன வருஷம் மொழியைப் பதிவு செய்ய வந்தவர்கள் அவர் குரலை என் போனில் ஏற்றியிருந்தார்கள்.

காட்டோரம் நின்று அதை ஓடவிட்டேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

“புருஷன் குரலுக்கு நானே ஓடி வந்துட்டேன், இதுங்களுக்கு என்ன கொழுப்பு?” என்றார் அண்ணி யாரிங்.

கடைசியில் சாவகாசமாக வந்தன. என் கையிலிருந்த உப்புப் பொட்டலத்தை முகரக்கூட இல்லை. அண்ணி ஒன்றின் ஈர உதட்டைத் தடவி, விரலை நாக்கில் வைத்தார்.

“உப்புக் கரிக்குதே தம்பி. அதுக்குள்ள குடுத்துட்டியா?”

பொட்டலத்தின் முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவே இல்லை.