தொட்டிலில் முதலில் கல்

காப்பக வாசலில் அரசாங்கம் வைத்திருந்த தொட்டிலருகே பச்சைக் குழந்தையோடு நின்றாள் செவந்தி. வீட்டில் வைத்திருந்தால், “இதுவும் பொட்டையா” என்று கேட்ட மாமியாரின் கை சும்மா இருக்காது. யார் கண்ணிலும் படாமல் போட்டுவிட்டு ஓடிவிட வேண்டும். ஆனாலும் ஊர் வழக்கப்படி முதலில் குழவிக்கல்லைக் கிடத்தாமல் பிள்ளையைப் போட மனம் ஒப்பவில்லை. அப்போதுதானே ஆயுசு கெட்டி. மடியில் கட்டி வந்த கல்லைத் தொட்டிலில் வைத்தாள்.

பாரம் பட்டதும் உள்ளே மணி அலறியது. காப்பகத்து ஆயா ஓடிவந்து கல்லைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். திட்டவில்லை. கல்லை எடுத்துக் கீழே வைத்தாள்.

“இப்பப் போடு தாயி. என்ன பேரு சொல்லிக் கூப்பிட?”

பேர் வைத்தால் விட்டுப் போக முடியாது என்றுதான் வைக்காமலே இருந்தாள். கேட்ட மாத்திரத்தில் ஒரு பேர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. செவந்தி பல்லைக் கடித்துக்கொண்டாள்.