சரிபார்த்தவர்

அடுத்தவர் கட்டுரையில் பிழை கண்டு உள்ளுக்குள் இனித்தது உண்டா உங்களுக்கு? உட்ரெக்டில், வாடகைக்காரர்களுக்குச் சட்டம் சொல்லும் இணையதள அலுவலகத்தில் ஹில்கேவுக்கு இப்போது இனிக்கிறது. சன்னலில் மழை வழிகிறது. உடன் வேலை செய்யும் யூரியனின் போன கட்டுரையை ஊரே படித்தது. கொண்டாடுகிறவரே விருந்து தரும் அந்த ஊர் வழக்கப்படி அவனே ஆப்பிள் கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் வெட்டித் தருகிறான். அவளுடைய கட்டுரையை யாரும் சீண்டவில்லை. அவனுடைய புதுக் கட்டுரையைச் சரிபார்ப்பது அவள் முறை. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எதிர்க்க வேண்டிய கெடுவை, மாறிப்போன பழைய சட்டப்படி நீளமாகப் போட்டிருக்கிறான். அதை நம்பித் தாமதிக்கிறவர் வீட்டை இழப்பார். "என்ன ஹில்கே, தப்பு தேடிக் கண்ணு பூத்துப் போச்சா?" என்று தட்டை நீட்டுகிறான் யூரியன். "உன்கிட்ட தப்பு கிடைக்குமாப்பா?" "நீ பாத்தாதான் எனக்கு நிம்மதி. சாப்பிடு." கேக்கில் பட்டை மணக்கிறது. அவள் 'சரி' பொத்தானை அழுத்துகிறாள். மறுநாள் காலை கட்டுரை அந்தக் கெடுவோடே வெளிவந்தது. கீழே, சரிபார்த்தவர் என்று ஹில்கேயின் பெயர் இருந்தது.